தட்டகப்பையில் தொடங்கிய கதிரை

வீட்டின் பின்புறத்தில் மகன் ஒரு பலகைத் துண்டையும் கத்தியையும் வைத்துக்கொண்டு எதையோ செதுக்கிக்கொண்டிருக்கிறான். உம்மாவின் கண்ணில் அது படுகிறது. "படிக்கிற நேரத்தில இதென்ன வேலை? ஓடாவியாகப் போறியா?" என்று ஒரு சத்தம். பலகை மூலைக்குப் போகிறது. பிள்ளை புத்தகத்தோடு உள்ளே போகிறான்.

இந்தச் சத்தம் கேட்காத வீடு நம்மிடையே குறைவு. ஓடாவி செய்த கதிரையில் உட்காருகிறோம். அவர் செய்த கட்டிலில் உறங்குகிறோம். அவர் செய்த தொட்டிலில் நம் குழந்தைகளைத் தாலாட்டுகிறோம். ஆனால் அவரது தொழிலின் பெயரை மட்டும் பிள்ளைகளை ஏசுவதற்கென்று வைத்திருக்கிறோம்! இது நியாயமா, சகோதரிகளே?

இந்தக் கேள்வியோடு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

லெபனானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1916ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சாம் மலூஃப். பல பிள்ளைகள் நிறைந்த வீடு. சிறு வயதிலேயே இந்தப் பையனுக்கு மரத்தின் மீது ஆசை. விளையாட்டுச் சாமான்கள் செய்தான். பொம்மை வீட்டுக்குத் தளபாடம் செய்தான். தன் தாய் ரொட்டி புரட்டுவதற்கு அகலமான ஒரு தட்டகப்பையும் செதுக்கிக் கொடுத்தான். அந்தத் தாய் அதை வாங்கி அடுப்பங்கரையில் பாவித்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதிகள் விரும்பி அமர்ந்த ஆடும் கதிரைகளைச் செய்த கைகள் இவைதான்.

வீடே பட்டறை

மலூஃப் எந்தத் தச்சுப் பள்ளிக்கூடத்திலும் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர், ஓர் ஓவியரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தார். 1948இல் அல்ஃப்ரெடா என்ற பெண்ணை மணந்தார். புது வீட்டுக்குத் தளபாடம் வாங்கக் கையில் காசில்லை. கழித்துப் போட்ட பலகைகளைச் சேர்த்துத் தாமே மேசையும் கதிரையும் செய்தார். வந்து பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மரவேலையை நம்பி வாழ்வதென்று கணவனும் மனைவியும் முடிவெடுத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள்: நிச்சயமான சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டுக் கணவர் உளியும் வாளும் எடுக்கப் போகிறேன் என்றால் எத்தனை மனைவிமார் சரி என்பார்கள்? அல்ஃப்ரெடா சரி என்றார். ஆரம்ப ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. கணக்கு எழுதுவதும், வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவதும், இருக்கிற காசில் வீட்டை ஓட்டுவதும் அவர் பொறுப்பு. 1950களில் அல்ட்டா லோமா என்ற ஊரில் எலுமிச்சைத் தோட்டம் ஒன்றில் அவர்கள் குடியேறினார்கள். அங்கே பட்டறையும், அதனோடு அறை அறையாக வீடும் வளர்ந்தன. கதவின் தாழ்ப்பாளைக்கூட மலூஃப் மரத்தால் தம் கையாலேயே செய்தார். 50 ஆண்டுகள் நீடித்த அந்த இல்லறத்தில் வீடும் தொழிலும் பிரிந்திருக்கவேயில்லை. 1998இல் அல்ஃப்ரெடா காலமானார்.

கதிரை எப்படி ஆடுகிறது?

நம் வீட்டு முன் விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையை ஓரளவு பழகிய ஓடாவி செய்துவிடுவார். ஆடும் கதிரை அப்படியல்ல. அதன் அடியில் இருக்கும் இரண்டு வளைந்த கட்டைகளிலேயே சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. உட்கார்ந்தவரின் பாரம் அந்த வட்டத்தின் மையத்துக்குக் கீழே அமைந்திருக்கும்வரை, முன்னே சாய்ந்தாலும் பின்னே சாய்ந்தாலும் கதிரை தானாகவே நிலைக்குத் திரும்பும். வளைவு கூடிவிட்டால் ஆள் கவிழப் பார்ப்பார். குறைந்துவிட்டால் கதிரை ஆடாமல் முரண்டு பிடிக்கும்.

நேரான பலகையிலிருந்து அந்த வளைவை அறுத்தெடுத்தால் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படும். நாளடைவில் அந்த இடத்தில் முறியும். ஆகவே மலூஃப் மரத்தை மெல்லிய பட்டிகளாக அறுத்து, பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைந்த அச்சில் இறுக்கிக் காயவிடுவார். பசை காய்ந்த பின் இழை முனையிலிருந்து முனைவரை வளைவோடு ஓடும். ஒரு குடும்பத்தின் பாரத்தைப் பல தலைமுறைக்கு அது தாங்கும்.

இருக்கைப் பலகை உடலுக்கு ஏற்பக் குழிவாகச் செதுக்கப்படும், மெத்தை தேவையில்லை. முதுகுப் பக்கத்துக் கம்பிகளும் மரமே. இடுப்புக்குத் தாங்கல் தருமாறு வளைந்திருக்கும். சாயும்போது சற்றே இளகிக் கொடுக்கும். காலும் இருக்கையும் சேரும் இடத்தில், ஒன்றில் வெட்டிய பள்ளம் மற்றதைக் கவ்விப் பிடிக்கும். அதன் பிறகு அரத்தாலும் அரத்தாளாலும் தேய்த்துத் தேய்த்து, எங்கே ஒரு மரம் முடிந்து மற்றது தொடங்குகிறதென்று கை தடவினாலும் தெரியாதபடி செய்துவிடுவார். கடைசியில் எண்ணெய் தேய்ப்பு, அதன்மேல் தேன்மெழுகு. பெரும்பாலும் அவர் விரும்பியது கபில நிறமான வால்நட் மரத்தை.

சுகத்துக்கும் மருந்துக்கும்

ஆடும் கதிரை சோம்பேறிகளின் ஆசனம் என்று நினைக்க வேண்டாம். தீராத முதுகுவலியால் துன்பப்பட்ட ஜோன் கென்னடிக்கு 1955இல் அதைச் சிபாரிசு செய்தவர் டொக்டர் ஜெனட் டிராவல். ஜனாதிபதியின் மருத்துவராக நியமிக்கப்பட்ட முதல் பெண்மணி அவரே. மெதுவான ஆட்டத்தில் முதுகின் தசைகள் ஒரே நிலையில் இறுகிக் கிடப்பதில்லை. குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கும், மூட்டு வலியோடிருக்கும் மூத்தம்மாவுக்கும் இதன் அருமை தெரியும். ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: தவழும் பிள்ளை அருகில் இருக்கும்போது ஆடக் கூடாது. வளைகட்டையின் கீழ் பிஞ்சு விரல்கள் அகப்பட்டுவிடும்.

ஆலைக்குப் போகாத கதிரை

மலூஃபின் புகழ் பரவியது. ஜனாதிபதிகளான ஜிம்மி கார்ட்டரும் ரொனால்ட் ரீகனும் அவரது ஆடும் கதிரைகளுக்கு உரிமையாளரானார்கள். 1985இல் மெக்ஆர்தர் விருது அவரைத் தேடி வந்தது. அவரது மாதிரிகளைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய அனுமதி கேட்டும் வந்தார்கள். சம்மதித்திருந்தால் கோடீஸ்வரராகியிருக்கலாம். அவர் சம்மதிக்கவில்லை. சில உதவியாளர்களோடு தம் பட்டறையிலேயே வேலை செய்தார். கலைஞர், சிற்பி என்றெல்லாம் மற்றவர்கள் அழைத்தபோதும், மரவேலைக்காரன் என்ற சாதாரணப் பெயரே போதும் என்றார். 2009இல் தமது 93ஆவது வயதில் காலமாகும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். நெடுஞ்சாலை ஒன்று அவர் தோட்டத்தின் வழியே வந்தபோது, அந்த வீட்டை இடித்துத் தள்ள அரசாங்கத்துக்கும் மனம் வரவில்லை. வேறிடத்துக்குப் பெயர்த்துச் சென்று காப்பாற்றினார்கள்.

கார்ட்டரின் கதையையும் சொல்ல வேண்டும். 1981இல் அவர் பதவி விட்டுப் போகும்போது, உடன் பணியாற்றியவர்கள் பணம் சேர்த்து, தச்சுக் கருவிகள் வாங்குவதற்காக அன்பளிப்புச் செய்தார்கள். ஊருக்குத் திரும்பியவர் வீட்டுக் கார்க் கொட்டகையைப் பட்டறையாக்கினார். ஒரு பெரும் நாட்டை ஆண்டவர் கதிரையும் தொட்டிலும் செய்தார். அதில் அவர் மதிப்புக் குறைந்ததாக எவரும் எண்ணவில்லை.

நம் வீட்டில்?

எல்லாப் பிள்ளைகளும் ஓடாவியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிப்பு முக்கியம்; அதை ஓர் ஆசிரியனாகிய நான் மறுப்பேனா? ஆனால் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். கையால் ஒரு பொருளைச் செய்து முடித்த பிள்ளைக்குப் பொறுமை வருகிறது. அரைகுறையாக அறுத்த பலகை பொருந்தாது என்பதை எந்தப் பிரம்பும் இல்லாமல் மரமே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது.

ஆகவே அடுத்த முறை மகனோ மகளோ பலகைத் துண்டோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டால் ஏசாதீர்கள். கத்தியைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். விரல் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

அவன் முதலில் செய்து தருவது ஒரு கோணலான தட்டகப்பையாக இருக்கலாம். வாங்கிப் பாவியுங்கள், சகோதரிகளே. ஒரு தாய் அப்படி வாங்கிப் பாவித்ததனால்தான் அந்தக் கதிரைகள் பிறந்தன.