மாடிக் கட்டடங்களின் நீர்க்குழாய்த் தளப்படம்

ஒரு கட்டடத்தின் தூண்களையும் சுவர்களையும் எவரும் காண்பர். அச்சுவர்களுக்குள்ளும் தளங்களுக்கு அடியிலும் ஓடும் குழாய்களையோ, கட்டடம் முடிந்தபின் ஒருவரும் காண்பதில்லை. மறையப்போகும் அப்பகுதியை, மறைவதற்கு முன்னரே தாளிற் பதிந்து வைப்பது நீர்க்குழாய்த் தளப்படமாகும். தனி வீடொன்றில் இப்படம் இல்லாவிடினும் ஒருவாறு சமாளிக்கலாம். மாடிமேல் மாடி எழும் கட்டடத்திலே ஒரு தளத்தின் பிழை அடுத்த தளத்தாரின் தலைமேல் விழும்.

நான் பொறியியலாளன் அல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்ற ஆசிரியன் இப்பொருள்பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், தலவாக்கலைப் பகுதியில் நான் கற்பித்த பாடசாலையொன்றில், இருமாடிக் கட்டடத்தின் மேல்தள மலசலகூடக் குழாய் கசியத் தொடங்கியது. கீழ் வகுப்பறையின் மேற்றட்டில் ஈரம் படர்ந்தது. குழாய் எவ்வழியே செல்கின்றதென்று காட்டத்தக்க படம் எவரிடத்தும் இருக்கவில்லை. வந்த குழாய் வேலையாள் சுவரை ஐந்து இடங்களில் உடைத்தார். ஐந்தாவது இடத்திலேதான் குழாய் அகப்பட்டது. அதுவரை, மூன்று வாரகாலம், மாணவியர் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. மேல்வகுப்பு மாணவியர் சிலர் அந்நாட்களிற் பாடசாலைக்கே வரவில்லை. வரவு இடாப்பில் அவர்களுடைய பெயர்களுக்கு எதிரே வராமையைக் குறித்தது என் கையே. அதன் பின்னரே இத்துறை நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

மாடிக் கட்டடத்தின் குழாயமைப்பை விளங்கிக்கொள்ள நம்மவர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என அழைக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுள் ஒன்றை நோக்குக. கொழுந்து மேல்மாடிகளில் வாட்டப்படுகின்றது. வாடிய கொழுந்து தளத்திலுள்ள துவாரத்தின் வழியே இறங்கி, கீழே நிற்கும் உருட்டும் இயந்திரத்தின் வாயிலே நேராகச் சென்று சேர்கின்றது. மேல்மாடியின் துவாரமும் கீழ்மாடியின் இயந்திரமும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் அமையாவிடின் அத்தொழிற்சாலை இயங்குமா? மலசலகூடத்தின்மேல் மலசலகூடமும் சமையலறையின்மேல் சமையலறையும் அமையவேண்டும் என்னும் விதியும் இதுவே. குழாய்கள் இறங்கும் நிலைக்கூண்டு எல்லாத் தளங்களிலும் ஒரே இடத்தில் வருதல் வேண்டும்.

தளப்படம் என்பது கட்டடத்தைக் கிடையாக அறுத்து மேலிருந்து நோக்கினாற்போல வரையப்படுவது. ஆகையால் நிலைக்குத்தாகச் செல்லும் குழாய் அதில் ஒரு சிறு வட்டமாக மட்டுமே தோன்றும். அவ்வட்டத்திற்குப் பெயரும் எண்ணும் இடல்வேண்டும். முதல் மாடியில் எண் 2 பெற்ற குழாய் ஐந்தாம் மாடியிலும் எண் 2 ஆகவே இருத்தல் வேண்டும். அடியிலிருந்து முடிவரை அதன் போக்கைக் காட்டுதற்கு நிலைக்குழாய்ப் படம் ஒன்று தனியே தேவை. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனின் மற்றது அரைகுறையே.

முதலிற் கட்டடக் கலைஞரின் தளப்படத்தை 1:100 என்னும் அளவுத்திட்டத்தில் எடுத்து, சுவர்களை மெல்லிய கோட்டினால் வரைந்துகொள்ளல் வேண்டும். மலசலகூடப் பகுதியை 1:50 அல்லது 1:20 ஆகப் பெருப்பித்து வரைவது நன்று. அதன்மேற் கழுவுதொட்டி, மலக்கிண்ணம், தரைவடிகால் ஆகியவற்றைக் குறிக்கலாம். பின்னர் கோடு இழுக்கத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் நல்ல நீர்க்குழாயையே முதலில் வரைவர். என் கருத்தில் இது தவறு. நல்ல நீர் அமுக்கத்தினால் ஓடுவது. மேலும் ஏறும், கீழும் இறங்கும், மூலையிலும் திரும்பும். கழிவுநீரைச் செலுத்துவதோ சரிவு ஒன்றுதான். விட்டுக்கொடுக்காத குழாய்க்கே முதலில் இடம் ஒதுக்கவேண்டும்.

கணக்கொன்று பார்ப்போம். மலக்கிண்ணத்திலிருந்து நிலைக்கூண்டு 4 மீற்றர் தூரத்தில் உள்ளது. குழாயின் சரிவு 40க்கு 1. எனவே கூண்டை அடையுமுன் குழாய் 100 மில்லிமீற்றர் தாழும். குழாயின் விட்டமும் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர். ஆகத் தளத்தின் அடியில் 200 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அவ்வழியில் ஒரு கொங்கிறீற்று வளை குறுக்கிடுமாயின் யாது செய்வது? தாளிலே கண்டால் கூண்டை மாற்றி வைக்கலாம். கட்டியபின் கண்டால், வளையைக் குடைவர், அல்லது சரிவைக் குறைப்பர். முன்னது கட்டடத்திற்குக் கேடு. பின்னது குழாய் அடைபட வழி. முற்காலத்தில் ஊடுகாட்டுந் தாளில் ஒவ்வொரு தளத்தையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தனர். இன்று கணினித் திரையில் அதனையே செய்கின்றனர்.

பதின்மாடி உயரத்திலிருந்து விழும் கழிவுநீர் அடிவளைவை உடைத்துவிடும் எனப் பலர் அஞ்சுவர். உண்மை அவ்வாறன்று. நீர் குழாயின் உட்சுவரைத் தழுவிப் படலமாக இறங்குகின்றது. சில மீற்றர் வீழ்ச்சிக்குள்ளேயே உராய்வு அதன் வேகத்தை ஒரு நிலையில் நிறுத்திவிடுகின்றது. அஞ்சவேண்டியது காற்றைப்பற்றியே. இறங்கும் நீர் தனக்கு முன்னுள்ள காற்றைத் தள்ளுகின்றது. தனக்குப் பின்னே காற்றை இழுக்கின்றது. ஒவ்வொரு கிண்ணத்தின் கீழும் வளைவொன்றில் நீர் தங்கி நின்று துர்நாற்றத்தைத் தடுக்கின்றதல்லவா? 1775 இல் அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரக் கலைஞர் உரிமம் பெற்ற அமைப்பு அது. இழுக்கும் காற்று அவ்வளைவின் நீரை உறிஞ்சிவிட்டால் தடை நீங்கிவிடும். இதனாலேயே கூரைக்கு மேல்வரை செல்லும் காற்றுக்குழாய் தேவைப்படுகின்றது. அடித்தளக் கிண்ணங்களை நிலைக்குழாயின் அடிவளைவுக்கு அருகில் இணையாது, தனிக்குழாயாக வெளியே கொண்டுசெல்வதும் இக்காற்றின் தள்ளுதலுக்கு அஞ்சியே.

அவ்வளைவு வற்றினால் விளைவது துர்நாற்றம் மாத்திரம் அன்று. 2003 மார்ச்சில் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் மாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கு மேற்பட்டோரைப் பற்றியது. 40க்கு மேற்பட்டோர் இறந்தனர். குளியலறைத் தரைவடிகால்களின் வளைவுகள் நீரின்றி வற்றியிருந்தமையும், ஒரே நிலைக்குழாய் பல மாடிகளை இணைத்திருந்தமையும் நோய் பரவியதற்குக் காரணங்களுள் அடங்கும் என ஆய்வாளர் கண்டனர். தரையைக் கழுவாது துடைத்தே சுத்தஞ் செய்துவந்ததால் வளைவுகளுக்கு நீர் கிடைக்கவில்லை. கழுவுதொட்டியின் நீர் தரைவளைவு வழியாகச் செல்லுமாறு படத்தில் ஒரு கோடு இட்டிருப்பின், அவ்வளைவு நாள்தோறும் நிரம்பியிருக்கும்.

நல்ல நீர்பற்றிச் சுருங்கக் கூறலாம். நீர்நிரலின் உயரம் 10 மீற்றர் கூடுந்தோறும் அமுக்கம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கூடும். கொழும்பில் 1997 இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையக் கோபுரங்களின் உயரம் 152 மீற்றர். அவ்வுயரத்தில் ஒரே தொட்டியை வைத்து நேரே குழாய் இறக்கினால் அடித்தளத்தில் 15 வளிமண்டல அமுக்கம் நிற்கும். வீட்டுக் குழாய்வாய்கள் அதனைத் தாங்கா. ஆகவே உயர்ந்த கட்டடங்களை வலயங்களாகப் பிரித்து, வலயத்திற்கொரு தொட்டியோ அமுக்கங் குறைக்கும் வால்வோ அமைத்து, அவற்றைப் படத்திற் குறிப்பர். நமது லயங்களிலும் இதனைக் காணலாம். மலையூற்றிலிருந்து 60 மீற்றர் கீழே வரும் நீர் பீலியில் ஓயாது கொட்டுகின்றவரை குழாய்க்கு இடரில்லை. பீலியை அகற்றிக் குழாய்வாயைப் பூட்டி மூடிய அன்றே ஆறு வளிமண்டலமும் பொருத்துக்களின்மேல் ஏறும். குழாய்வாய் பூட்டியபின் பொருத்து வெடித்தது ஏன் என்று வியப்போர் இன்றும் உளர்.

மலைச்சரிவில் எழும் கட்டடத்திற்குப் படம் வெளிச்சுவரோடு முடிதலும் ஆகாது. கழிவுக்குழாய் எக்குழியிற் சேர்கின்றது, கூரைநீர் எவ்வடிகாலில் இறங்குகின்றது என்பவற்றை மட்ட அளவுகளுடன் காட்டல் வேண்டும். சரிவில் ஊறும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும் என்பது மலைநாட்டாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

கட்டி முடிந்தபின், உண்மையிற் பதிக்கப்பட்டவாறே படத்தைத் திருத்தி வைப்பது இறுதிப்பணி. வேலைத்தலத்தில் வளை குறுக்கிட்டதென்று குழாயை ஒரு முழம் தள்ளிப் பதித்திருப்பர். பழைய படமோ முந்திய இடத்தையே காட்டும். பொய்யுரைக்கும் அப்படம் படமில்லாமையிலும் தீதென்பேன்.

மேற்கூறிய பாடசாலையில், உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர் அறுவரோடு அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் கொண்டு, இரு தளங்களுக்கும் படம் வரைந்தோம். நான்கு சனிக்கிழமைகள் சென்றன. அவ்வைந்து உடைப்புகளும் அப்போது எங்களுக்கு உதவின. வடக்குச் சுவரினுள் நுழையும் ஓர் இரும்புக்குழாய் எங்குச் செல்கின்றதென்று மட்டும் கண்டறிய இயலவில்லை. அதனைப் புள்ளிக்கோட்டால் வரைந்து, முனையில் ஒரு வினாக்குறி இட்டு வைத்துள்ளோம்.