வீட்டுத் தரை: பளபளப்புக்கு முன் பாதுகாப்பைப் பாருங்கள்

தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் பலவும் முதலில் கை வைப்பது தரையில்தான். தோட்டத்து லயத்தில் சிமெண்டுத் தரையில் வளர்ந்து, தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்குப் பளபளக்கும் டைல்ஸ் நெடுநாள் ஆசை. ஆனால், கடை விளக்கில் மின்னும் அதே தரை, சோப்புத் தண்ணீர் பட்டதும் வீட்டுப் பெரியவர்களை வழுக்கி விழவைக்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடமாட்டம் திரும்புவது கடினம். எனவே எந்த இடத்திற்கு எந்தத் தரை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஈரமாகும் இடங்கள்: குளியலறை, சமையலறை, போர்ச் ஆகியவற்றுக்குச் சற்றே சொரசொரப்பான டைல்ஸ்தான் ஏற்றது. டைல்ஸ் விவரக் குறிப்பில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் அளவு தரப்பட்டிருக்கும். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஈரமாகும் இடங்களுக்கு ஆர்10 அல்லது ஆர்11 கேளுங்கள். அதற்கும் மேல் போனால் சொரசொரப்பில் அழுக்கு தங்கி, கழுவுவது சிரமமாகும்.

செராமிக்கா, போர்சலினா? இரண்டும் சுட்ட மண்தான். போர்சலின் அதிக வெப்பத்தில் சுடப்படுவதால் கெட்டியானது; 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. கார் ஏறும் போர்ச்சுக்கு இதுவே பொருத்தம். படுக்கையறைக்கு விலை குறைந்த செராமிக் போதும்.

பளிங்கு: அழகுதான். ஆனால் எலுமிச்சை, புளி போன்ற புளிப்பு பட்டால் பளபளப்பு போய்த் தழும்பு விழும். மஞ்சள் கறையும் எளிதில் போகாது. நம் சமையலறைக்கு இது ஒத்துவராது.

லாமினேட், எஸ்பிசி: லாமினேட்டின் உள்ளே இருப்பது மரநார்ப் பலகை. தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும். எஸ்பிசி என்பது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, நீரால் உப்பாது. எனினும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வந்தது போன்ற வெள்ளம் புகுந்தால், அதன் அடியிலும் சேறு தங்கும். கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளம் வரும் பகுதியில் கீழ்த்தளத்திற்கு டைல்ஸே நல்லது. கழுவிவிட்டால் போதும்.

ஒட்டும் வேலை: நல்ல டைல்ஸும் அடியில் சிமெண்டு முழுமையாகப் பரவாவிட்டால் நாளடைவில் மேலெழும்பும். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்டால், குத்தகையாளருக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் சரிசெய்யச் சொல்லுங்கள். மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீடு என்றால், சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். அக்காலத்தில் குறைபாடுகளைச் சொந்தச் செலவில் சரிசெய்வது அவர்களின் பொறுப்பு.

எவ்வளவு வாங்குவது? 12-க்கு 12 அடி அறை 144 சதுர அடி. இரண்டடிச் சதுர டைல்ஸ் என்றால் 36 வேண்டும். வெட்டும்போது உடைவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 40 வாங்குங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் நிறமும் சற்று மாறலாம். மிஞ்சியதை எறியாதீர்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே டைல்ஸ் கடையில் கிடைக்காமல் போகலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன், கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கினால் காலும் வழுக்கும்.