காட்டுப் புஷ்பங்களின் சேமிப்பு

இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைநிலத்தில் அமைந்த பெயெர்செபா, அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெறுகிறது. அதற்கு வடமேற்கே மழை சற்றுக் கூடுதலாகப் பெய்யும் வெளிகளோ பிப்ரவரியில் அனிமோன் மலர்களால் செக்கச்செவேலென்று ஆகிவிடுகின்றன. மலைப்பிரசங்கத்தில் இயேசு சாலொமோனின் மகிமையோடு ஒப்பிட்ட காட்டுப் புஷ்பம் இதுவாக இருக்கலாம் என்பது, விவிலியத் தாவரங்களை ஆராய்ந்த பலரின் கருத்து.

அப்பிரசங்கத்தில் பாடுபடாதவை என்று கூறப்படும் இம்மலர்களுக்கான உழைப்பு மண்ணுக்கடியில் நடக்கிறது. மழைக்காலத்தில் இலைகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவு ஒரு சிறு கிழங்கில் சேர்கிறது. கோடையில் இலைகள் முற்றிலும் காய்ந்தபின், கிழங்கு மட்டும் உறக்கநிலையில் எஞ்சியிருந்து அடுத்த மழையில் துளிர்க்கிறது. பூவில் தேன் கிடையாது. ஆனாலும் சிவப்பு நிறத்தை நாடும் மயிரடர்ந்த வண்டுகள், கருத்த நடுப்பகுதியிலுள்ள மகரந்தத்தைத் தின்னவும் இணைசேரவும் வந்து, உடலில் ஒட்டிய தூளை அடுத்த பூவுக்குக் கொண்டுசேர்க்கின்றன.

கிழங்கில்லாத ஒருபருவச் செடிகளின் சேமிப்பு விதைகளே. எரிகோ ரோஜா எனப்படும் அனஸ்டாட்டிக்கா செடி, காய்ந்தபின் கிளைகளை உள்மடித்து, விதைகளைப் பந்துபோல் பொத்திவைக்கிறது. மழைநீரை உறிஞ்சியதும் கிளைகள் விரிய, விழும் துளிகள் விதைகளில் சிலவற்றை உதிர்க்கின்றன. ஐரோப்பிய யாத்திரிகர் இதை உயிர்த்தெழுதலின் அடையாளமாக எடுத்துச்சென்றனர். உண்மையில் விரிவது இறந்த திசுவே, உயிர் விதையில்தான் இருக்கிறது. எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்துவிட்டால், தொடரும் வறட்சியில் அவ்வளவும் அழிந்துவிடும் என்பதால், ஒரு பகுதியைப் பின்னாளுக்கு நிறுத்திவைக்கும் இந்த முறைக்கு ‘இடர்ப்பகிர்வு’ என்று பெயர். நிச்சயமற்ற மழையுள்ள நிலத்தில் அது ஏன் ஆதாயமானது என்பதை 1966இல் டான் கோகன் கணித வடிவில் விளக்கினார்.

இவ்விளக்கம் விசுவாசிக்கு இடறலாக வேண்டியதில்லை. மலைப்பிரசங்கம் விலக்கச் சொல்வது உழைப்பை அன்று, நாளையைப் பற்றிய கவலையையே; மேலும், இன்று பூப்பது நாளை அடுப்புக்குப் போகும் என்பதையும் அது மறைக்கவில்லை. விறகு அரிதான அந்நாட்டில் காய்ந்த புல்பூண்டு உண்மையாகவே அடுப்பெரிக்கும் பொருளாக இருந்தது. அந்த அழிவையும் கணக்கில் கொண்டே, ஒரு மழையை மட்டும் நம்பாத கிழங்கும் விதையும் செடிக்கு வாய்த்திருக்கின்றன. அறிவியல் அவை இயங்கும் விதத்தைச் சொல்கிறது, விசுவாசம் அவற்றைப் பராமரிப்பு என்று அழைக்கிறது.