விழாவுக்கேற்ற ஒலிபெருக்கி

விக்ரோலியில் நம்மவர் இல்லங்களில் வளைகாப்பு, பிறந்தநாள் என்றால் ஒலிபெருக்கியை வாடகைக்கு அமர்த்தியது ஒரு காலம். இப்போது கம்பியில்லாப் பெட்டியை விலைக்கே வாங்குகின்றனர். சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும் பொருளாதலின் சற்றே நிதானித்தல் நலம்.

அட்டையில் அச்சிட்ட 'வாட்' எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. 'பி.எம்.பி.ஓ.' என்பது கணப்பொழுது உச்சக் கணக்கு. இடைவிடாது கிடைக்கும் ஆற்றலை உரைப்பது 'ஆர்.எம்.எஸ்.' எண்ணே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றலை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒரே அமைப்புள்ள 80 வாட் பெட்டிக்கும் 160 வாட் பெட்டிக்கும் செவி உணரும் வேற்றுமை சிறிது. பணப்பை உணர்வதோ பெரிது!

ஜே.பி.எல். பார்ட்டிபாக்ஸ் 110 என்னும் 160 வாட் பெட்டி ஏறக்குறைய 11 கிலோ எடை. மின்தூக்கியில்லாத நான்காம் மாடிக்கு அதைச் சுமப்பவர் யார்? மின்கலம் 12 மணி நேரம் உழைக்கும் என்பர். முழு ஓசையில் வைத்தால் அவ்வளவு நேரம் வாராது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெலே வரம்பு. இருவர் உரையாடலே 60 அளவில் நிற்கும். இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சுவருக்கு அப்பால் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். இரவுப்பணி முடித்தவர் பகலில் உறங்கலாம். ஓரறை வீட்டுக்கு 40 வாட்டே மிகுதி என்பது எம் கருத்து.

ஒலிவாங்கி மாட்டும் துளை மட்டும் இரண்டு இருக்கட்டும். வளைகாப்பில் பாட வரும் அத்தைமார் ஒருவரோடு நிற்பதில்லை.