50 வயசு தாண்டியாச்சா? 4 மணி அலாரம் வேண்டாம்... காலையில் அரை மணி நேரம் போதும்!

"நாளையில இருந்து காலையில 5 மணிக்கு எழுந்து வாக்கிங் போகப் போறேன்!"

சுகர் டெஸ்ட் ரிசல்ட் கைக்கு வந்த அன்று பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. புது ஷூ வாங்குவார்கள், பத்து நாள் ஜோராக நடக்கும். பதினோராவது நாள் மழை, இல்லையென்றால் ஒரு கல்யாண வீடு. அதோடு ஷூ வாசல் ஓரம் போய்விடும். "நமக்கெல்லாம் இது செட் ஆகாது" என்று பேச்சும் முடிந்துவிடும்.

உண்மையில் தப்பு ஆளிடம் இல்லை, போட்ட திட்டத்தில்தான் இருக்கிறது.

ஏன் இந்த வயதில்?

முப்பது வருஷமாக ஸ்கூல் வேன், ஆபீஸ் பஸ், பஞ்சிங் மெஷின் என்று யாரோ ஒருவரின் கடிகாரம்தான் காலைப் பொழுதை ஓட்டியிருக்கும். தமிழக அரசு ஊழியர்களுக்கு இப்போது ஓய்வு வயது 60. அந்தக் கடிகாரம் நின்ற மறுநாள் காலை, பேப்பர் படித்து முடித்ததும் "அடுத்து என்ன?" என்ற கேள்வி வரும். "ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல், ஐம்பதுகளிலேயே காலையில் கொஞ்ச நேரத்தைத் தனக்கென்று ஒதுக்கிப் பழகியவர்களுக்கு அந்த மாற்றம் அவ்வளவு கடினமாக இருக்காது.

21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், 1960இல் வெளியான தன் புத்தகத்தில் சொன்ன கணக்கு இது. மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். பின்னாளில் 'குறைந்தது' என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம். முக்கியமான விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அதனால் பதினோராவது நாள் மழை பெய்தால், பன்னிரண்டாவது நாள் தொடர்ந்தால் போதும்.

எத்தனை மணிக்கு எழுவது?

இரவு 11.30 வரை போனைப் பார்த்துவிட்டு 4 மணிக்கு அலாரம் வைத்தால் மிஞ்சுவது நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6 மணிக்கு எழ நினைத்தால் 10.30க்கு லைட்டை அணைப்பது நல்லது. காலைப் பழக்கம் முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடுகிறது.

அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

புதுப் பழக்கத்தை, ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். 'காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவேன்' என்று முடிவு செய்துகொண்டால் யோசிக்க வேலையே இல்லை.

*முதல் 5 நிமிடம்:* கண் திறந்ததும் துள்ளி எழ வேண்டாம். சட்டென்று நின்றால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கலாம்.

*அடுத்த 15 நிமிடம்:* நடை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 15 நிமிடத்தில் தொடங்கி மெல்ல 30 ஆக்கலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கும் பயிற்சி வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம்.

*கடைசி 10 நிமிடம்:* புதிதாக ஒன்றைக் கற்பது. அமெரிக்காவில் 60 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. மூன்று மாதம் டிஜிட்டல் போட்டோகிராபி போன்ற புது வேலைகளைக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. அவர்கள் வாரம் சுமார் 15 மணி நேரம் செலவிட்டார்கள், பத்து நிமிடத்தில் அந்தப் பலன் வந்துவிடாது. ஆனால் தொடங்க அது போதும். 'ஸ்வயம்' தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். இக்னோவில் பெரும்பாலான படிப்புகளுக்கு அதிகபட்ச வயது வரம்பு கிடையாது.

அம்மாவுக்கு அந்த அரை மணி நேரம் எங்கே?

இந்தப் பேச்சில் விட்டுப்போகும் விஷயம் இதுதான். அப்பா பார்க்கில் நடக்கும்போது, அம்மா அடுப்படியில் நிற்பார். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் உடல் சூடு, வியர்வையால் தூக்கமும் கெடும். அப்படிப்பட்டவரிடம் "நீயும் சீக்கிரம் எழு" என்பது தீர்வல்ல. வாரம் மூன்று நாள் காபியும் டிபனும் வீட்டில் மற்றவர்கள் பொறுப்பு என்று மாற்றினால் அவருக்கும் காலை கிடைக்கும். காலையில் முடியாதவர்கள் மாலையில் செய்தாலும் பலன் ஒன்றுதான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சுகருக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்பது அவசியம். சுகர் இறங்கி மயக்கம் வரலாம். இதயப் பிரச்சினை இருப்பவர்களும் அப்படியே. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மற்றபடி கணக்கு வைக்க ஆப் எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தாளைக் கிழிக்கும் முன் அதில் ஒரு டிக். டிக் இல்லாமல் ஒரு தாள் போனாலும் பரவாயில்லை, அடுத்த தாள் அங்கேயேதான் இருக்கிறது.