சிறு காரும் சிக்கனப் பந்தயமும்

வங்கக் கடலின் நடுவே அமைந்த அந்தமானில், அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டருகே ஒரு மாலைப் பொழுதில் நின்றால், தமிழும் வங்காளியும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒருங்கே நம் செவியில் விழும். நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரின் கடைவீதி இது. இங்கே தந்தையின் விரலைப் பற்றிச் செல்லும் சிறுவன் ஒருவன், ரிமோட்டால் ஓடும் சிறு காரைக் கண்டு அங்கேயே நின்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தந்தைக்கோ ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நினைவுக்கு வருகிறது. "வாங்கினால் எத்தனை நாளைக்கு ஓடும், அண்ணே?" என்று கடைக்காரரை வினவுகிறார். அவ்வினா நியாயமானது. சிக்கனமாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் ஓடும்படி இவ்விளையாட்டை அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதையே இங்கு ஆராய்வோம்.

நம் இல்லங்களுக்கு இசையையும் செய்தியையும் கொணரும் வானொலி அலையே இக்காரையும் செலுத்துகிறது. 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி, நியூயார்க் நகரில் சிறு படகு ஒன்றைக் கம்பியின்றித் தொலைவிலிருந்தே செலுத்திக் காட்டினார். அக்கலை பின்னர் விளையாட்டுக்கும் வந்தது. 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம் போர்ஷே 934 என்ற காரின் சிற்றுருவை வானொலிக் கட்டுப்பாட்டுடன் வெளியிட்டது. உள்ளங்கைக்குச் சற்றே பெரிய கார்களும் நாளடைவில் தோன்றின.

முன்னாளில் இவ்வகைப் பொம்மைகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. ஒரே அலையில் இரு கார்கள் ஓடினால், ஒருவர் திருப்ப மற்றவர் காரும் திரும்பிவிடும். இக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டுமே இணைந்து பேசுவதால், பல கார்கள் ஒன்றாக ஓடலாம். குறைந்த ஆற்றலுடன் இவ்வலையைப் பயன்படுத்த, 2005ஆம் ஆண்டு விதிகளின்படி நம் நாட்டில் உரிமம் தேவையில்லை.

கார் வாங்குமுன் கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்து பார்த்தல் நலம்.

முதலாவது, ரிமோட்டின் திருப்பியைச் சிறிதளவே திருப்பிப் பாருங்கள். காரின் முன் சக்கரமும் சிறிதளவே திரும்ப வேண்டும். ஒரேயடியாக முழுவதும் திரும்பினால் அது வெறும் பொம்மை. அதைக் கொண்டு வளைவில் நயமாக ஓட்டப் பழக இயலாது. வேகத்துக்கும் இதே சோதனை பொருந்தும். இரண்டாவது, இரு கார்களை ஒருங்கே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதே மிக முக்கியமானது. பற்சக்கரம், டயர், முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஆகிய உதிரிப் பாகங்கள் தனியே விற்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். மோதி உடைதல் இவ்விளையாட்டின் இயல்பு. உதிரிப் பாகம் கிட்டாத கார், விலை எவ்வளவு குறைவாயினும் மலிவானது அன்று. சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் தீவில் இவ்வுண்மையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எந்த அளவுக் கார் ஏற்றது? உண்மைக் காரின் 10இல் ஒரு பங்கான கார் 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். அது ஓடத் திறந்த வெளி வேண்டும். அந்தமானிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆதலின் 28இல் ஒரு பங்கான சிறு காரே இங்குத் தக்கது. அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். பள்ளிக் கூடத்தின் தாழ்வாரமே அதற்குப் போதும். ஜப்பானின் கியோஷோ நிறுவனத்தார் செய்யும் மினி-இசட் இவ்வளவினது. சீனாவில் செய்யப்படும் இதே அளவுக் கார்கள் அதனினும் விலை குறைந்தவை.

அடுத்து மின்கலம். மினி-இசட் கார், தொலைக்காட்சி ரிமோட்டில் நாம் இடும் மெல்லிய மின்கலங்கள் நான்கினால் ஓடும். மீண்டும் மின்னேற்றத் தக்க நிக்கல் வகையை வாங்கினால் நூற்றுக்கணக்கான முறை பயன்படும். விலை குறைந்த கார்களில் பெரும்பாலும் லித்தியம் மின்கலம் இருக்கும். தனியே கட்டப்பட்ட லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணி விமானங்களில் சரக்காக ஏற்றுவது 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் உலகெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே அஞ்சலில் விரைந்து வரும் என்று நம்பியிருத்தல் ஆகாது. காருடன் ஒரு மாற்று மின்கலத்தையும் தொடக்கத்திலேயே வாங்கிவிடுக. சென்னையிலிருந்து விமானத்தில் வரும் உறவினர் அதைக் கொணர்வதாயின், முனைகளைக் காப்பிட்டுக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தலாகாது. மின்னேற்றும்போது அருகில் இருந்து கவனித்தல் வேண்டும். உப்பிய மின்கலத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஓடுகளம் அமைக்கப் பெருஞ்செலவு வேண்டா. குழந்தைகள் அறையில் விரிக்கும், ஒன்றோடொன்று கோக்கத்தக்க நுரைப்பாய்கள் நல்ல பிடிப்புத் தரும். பளிங்குத் தரையில் கார் வழுக்கும். ஓரங்களுக்குத் தேங்காய் நார்க் கயிறோ பழைய ரப்பர்க் குழாயோ போதும். பாதையின் அகலம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாதிருப்பின், ஒருவரை ஒருவர் முந்த இடம் இருக்கும். நான்கு குடும்பத்தினர் கூடினால் பாய், திருப்புளி, மின்னேற்றி ஆகிய செலவுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். காருக்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் காருக்கே செலவிடாமல், மூன்றில் ஒரு பங்கை உதிரிப் பாகங்களுக்கு வைத்துக்கொள்வது எமது யோசனை.

இனி விதிகள். சிக்கனம் உண்மையில் நிலைபெறுவது இங்கேதான். ஒருவர் விலையுயர்ந்த மோட்டாரைப் பொருத்தினால் மற்றவரும் பொருத்த நேரும், இயலாதவர் விலகிவிடுவார். இதற்கு நல்ல வழியைத் தமிழ்நாடே காட்டியுள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு பார்முலா மாருதி என்னும் எளிய பந்தயக் காரை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின் என்பதால், பணத்தைவிடத் திறமைக்கே அங்கு மதிப்பு மிகுந்தது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது பார்முலா மாருதியில்தான். நம் சிறு பந்தயத்திலும், காருடன் வந்த மோட்டாரையே பயன்படுத்துதல், ஒரே வகை மின்கலம், ஒரே வகை டயர் என மூன்று விதிகளை முதல் நாளே வகுத்துவிடுவோமாக.

ஐந்து நிமிடத்தில் யார் மிகுதியான சுற்றுகளை முடிக்கிறாரோ அவரே வென்றவர். கைபேசியின் கடிகாரமே இதற்குப் போதும். மேலும், உலகெங்கும் இவ்விளையாட்டினர் போற்றும் வழக்கம் ஒன்றுண்டு. தம் பந்தயத்தை முடித்தவர் வீட்டுக்குப் போவதில்லை. வளைவில் நின்று, அடுத்த பந்தயத்தில் கவிழும் கார்களை நிமிர்த்திவிடுகிறார். வென்றவரும் தோற்றவரும் பிறர் காரை நிமிர்த்துவதற்குச் சமமாகவே குனிய வேண்டும்.

கடற்காற்றின் உப்பு இக்கார்களுக்குப் பகை. ஆடி முடித்ததும் மின்கலங்களைக் கழற்றி, டயர்களை ஈரத்துணியால் துடைத்து, அச்சில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். பயன் தீர்ந்த மின்கலத்தைக் குப்பையிலோ கடலிலோ எறியாமல், சேகரிப்போரிடம் சேர்ப்பது நம் கடமை.

தந்தையின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கார் எத்தனை நாள் ஓடும் என்பது அதன் விலையைப் பொறுத்ததன்று. அது உடையும்போது அச்சிறுவன் தானே திருப்புளியை எடுக்கிறானா என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு வங்காளிச் சிறுவனிடம் ஒரு பற்சக்கரத்தைக் கடன் வாங்கி, ஞாயிறு மாலைப் பந்தயத்துக்குள் அதை அவன் பொருத்திவிட்டால், அந்தக் கார் பல்லாண்டு ஓடும்.