ஆறிய சூளையிலும் ஆபத்து உண்டு

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் பலர், பின்னாளில் சொந்தமாகச் சூளை வைத்தார்கள். இன்று சென்னையின் மொட்டை மாடிகளிலும் மின்சூளை ஏறிவிட்டது. 1,250 டிகிரி செல்சியஸ் வரை போகும் கருவி என்பதால், எரியும்போது யாரும் அலட்சியமாக இருப்பதில்லை. ஆறிய சூளையைத் திறந்து சுரண்டித் துடைக்கும் நாளில்தான் கவனம் தளர்கிறது. நுரையீரலுக்குக் கேடு அன்றைக்குத்தான் அதிகம்.

தட்டு தேய்க்கும் தூசி

சூளைத் தட்டில் கிளேஸ் என்னும் கண்ணாடி மெருகு ஒட்டாமலிருக்க அலுமினாவும் கயோலினும் கரைத்துப் பூசுவது வழக்கம். சிலர் சிலிக்காவும் சேர்ப்பார்கள். நாளடைவில் அந்தப் பூச்சு செதில்செதிலாக உரியும். கிரைண்டரை வைத்துத் தேய்த்தால் அறை முழுக்க வெண்புகை. அதில் படிகச் சிலிக்கா இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. வேலையிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால், மாடியில் தனியாளாக நடத்தும் ஸ்டூடியோவை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்?

தட்டை நனைத்து, திறந்த வெளியில், கையால் சுரண்டுங்கள். முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், கைக்குட்டை உதவாது. தெறிக்கும் கிளேஸ் கண்ணாடிச் சில்லுதான், அதனால் கண்ணுக்கும் கவசம் போடுங்கள். துடைப்பத்தைத் தொடவே வேண்டாம், ஈரத்துணி போதும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதே ஏற்றது.

வெள்ளைப் பஞ்சு

கேஸ் சூளைகளின் உட்சுவரில் இருக்கும் செராமிக் ஃபைபர் பார்க்கப் பஞ்சு மாதிரிதான். புதிதில் தோலை அரிக்கும். பலமுறை உயர்வெப்பம் பட்டபின் அதன் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட்டாக மாறும். அதுவும் படிகச் சிலிக்காதான். பொடிந்த பழைய பஞ்சைப் பிய்த்து எறியாமல் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள்.

மின்சாரமும் புகையும்

மின்சூளையில் சூடேற்றும் கம்பியை (எலிமெண்ட்) மாற்றும்போது கன்ட்ரோலரை மட்டும் அணைத்தால் போதாது. ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். கருகிய பிளக்கையும் ஒயரையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

முதல் சுடலில் மண்ணிலுள்ள கரிமப்பொருள் எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை. தலைவலியும் கிறக்கமும் வந்தால் உடனே வெளியேறுங்கள். சூளை இருக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது. புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா, எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறதா என்பதைச் சுடத் தொடங்குமுன் பாருங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

விடாத இருமலோ மாடி ஏறினால் மூச்சுவாங்கலோ இருந்தால், மண்பாண்ட வேலை செய்வதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் காசநோய் போலவே தோன்றக்கூடும்.